ஊதாப் பக்கம் போன தம்பி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இரண்டு வாசல். ஒன்று பச்சை, ஒன்று ஊதா. பச்சையைத் திறந்தால் சொந்தபந்தம். ஊதாவைத் திறந்தால் திராட்சை வியாபாரம். தட்டிக் கொட்டி அமைத்தது என் இளைய மகள் என்றாலும், பிரிக்கச் சொன்ன வாய் என் வாய். ஓடைப்பட்டியில் கொடி வைத்திருக்கிற எத்தனையோ வீடுகளில் கம்ப்யூட்டர் இருக்கிறது. அங்கெல்லாம் உரக் கம்பெனி மெயிலும் கல்யாணப் பத்திரிகையும் ஒரே சாக்கில்தான் கிடக்கின்றன. என் வீட்டில் அப்படி இல்லை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் இல்லை.

நான் மூன்றாம் வகுப்பு. அதுவும் முழுப் பரீட்சைக்குப் போகவில்லை. தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். இங்கிலீசை உருவம் பார்த்துத் தெரிந்துகொள்வேன், மருந்து டப்பாவைப் பார்த்து எந்த மருந்து என்று சொல்வதைப் போல. எழுதுவதற்கு இப்போது விரலே வேண்டாம். மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. நிதானமாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். நிதானம் என்னிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது. இதையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முதலில் எங்களுக்கும் ஒரே மெயில்தான் இருந்தது. மகளுக்கு வரன் பார்க்க ஆரம்பித்த சமயம், தோட்டத்தில் சாம்பல் நோய் விழுந்தது. நோய் விழுந்த இலையைப் படம் பிடித்து மருந்துக் கடைக்காரருக்கு அனுப்ப வேண்டும். ஜாதகத்தைத் தரகருக்கு அனுப்ப வேண்டும். மகள் இரண்டையும் ஒரே மூச்சில் அனுப்பினாள். சாயங்காலம் தரகர் போன் போட்டார்.

"ஆத்தா, இலைப் படம் வந்துச்சு. பொண்ணு படம் எங்கன இருக்கு?"

மருந்துக் கடைக்காரர் அதற்கும் மேலே போய்விட்டார். ஜாதகத்தைத் தெரிந்த ஜோசியரிடம் காட்டிவிட்டாராம். செவ்வாய் இல்லை, கட்டம் சுத்தமாக இருக்கிறது, வேறு மருந்து எதுவும் அடிக்க வேண்டியதில்லை என்று எழுதியிருந்தார். மகள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"கறி வைக்கிற சட்டியிலயா பாயாசம் வைக்கிறோம்?" என்று கேட்டேன். "ரெண்டு சட்டி வாங்கு."

"இதுக்குச் சட்டியெல்லாம் வேணாம்மா. இன்னொரு மெயில் போதும்."

அப்படிப் பிறந்ததுதான் பச்சையும் ஊதாவும். எனக்கு எழுத்தைவிட நிறம் சுளுவு என்று, திறந்தவுடன் திரை முழுக்க நிறம் தெரிகிற மாதிரி அவளே செய்து கொடுத்தாள். பன்னீர் திராட்சைக்கு ஊதா. வீட்டுக்குப் பச்சை.

அதற்குப் பிறகு பழைய மெயிலில் இருந்த ஆட்களைப் பிரித்தோம். இனி அவரவர் எழுதுவது அந்தந்தப் பக்கத்தில்தான் வந்து விழும். அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள், நான் பக்கம் சொன்னேன். அறுவடையின்போது எந்தக் குலை பெட்டிக்கு, எது உதிரிக்கு என்று பார்த்த பார்வையில் சொல்லுகிற கண் எனக்கு. தேனி வியாபாரி, ஊதா. என் மூத்த மகன், பச்சை. அட்டைப் பெட்டிக்காரர், ஊதா. வேலை வேகமாக நடந்தது. ஒரு பெயரில் மகள் நிறுத்தினாள்.

"அம்மா, கட்டப்பனை மாமா?"

"அவன் நம்மகிட்டப் பழம் எடுக்குறான்ல?"

"எடுக்குறாக."

"அப்ப ஊதாவுல போடு."

"மாமாம்மா. உங்கூடப் பொறந்த தம்பி."

"பெட்டிக்கு இத்தன ரூவா கழிவு குடுன்னு மல்லுக்கட்டுறப்ப நான் அவனுக்கு அக்காவாவா தெரியுறேன்? போடு."

பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலையைத் தூக்கினார். "ஒரு ஆளைத் தூக்கி ஒரு பக்கம் போட்டா, மறுபக்கம் இருக்குறவன் எங்கன போவான்?" என்றார். அவர் பேசுவதே அபூர்வம். பழக்கம் இல்லாததால் நாங்கள் இரண்டு பேரும் அதைக் காதில் வாங்கவில்லை.

தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மீசை முளைக்கிற வயதில் மலை ஏறிப் போனவன். கட்டப்பனை மார்க்கெட்டில் அவனுக்குப் பழக்கடை. பேச்சில் பாதி மலையாளம் கலந்துவிட்டது. காது மந்தம். காதில் வைக்கிற மிஷின் குக்கர் மாதிரி விசில் அடிக்கிறது என்று போனில் பேசுவதையே வெறுத்துவிட்டான். வாட்சப்பில் ஊர் முழுக்கக் காலை வணக்கம் அனுப்புகிறது என்று அதையும் எடுத்துவிட்டான். அவனுக்குப் பிடித்தது மெயில்தான். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலால் நீளமாக எழுதுவான். அவன் மெயிலை வாசித்தால் அவன் எதிரில் நின்று கத்திப் பேசுகிற மாதிரியே இருக்கும்.

அந்த வருஷம் அறுவடை முடிந்து கவாத்து வெட்டினோம். கவாத்து வெட்டிய தோட்டத்தைப் பார்த்தால் மொட்டை அடித்த தலை மாதிரி இருக்கும். துளிர்த்துப் பூத்துப் பழமாகிற வரைக்கும் வியாபாரிகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. அவர்களோ பழம் இருக்கிறதா என்று கேட்டபடியே இருப்பார்கள். அதனால் மகள் ஊதாப் பக்கத்தில் ஒரு பதிலை எழுதி வைத்தாள். யார் மெயில் போட்டாலும் அதுவே போய் நிற்கும், நாம் தொடவே வேண்டாம். வாசித்துக் காட்டினாள்:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி. தற்போது தங்களுக்குத் தருவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை. அடுத்த காய்ப்பில் தங்களை நினைவில் கொள்வோம்."

"கலெக்டர் ஆபீசுல இருந்து வந்த மாதிரி இருக்கு," என்றேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஊதாவைச் சாத்திவிட்டு நாங்கள் வேறு வேலை பார்க்கப் போனோம்.

வேறு வேலை என்றால் கல்யாணம். ஆண்டிபட்டியில் தறி வைத்திருக்கிற குடும்பம், நல்ல பையன். பெண் பார்க்க வந்த அன்றைக்குத் தம்பியும் மலை இறங்கி வந்திருந்தான். மாப்பிள்ளையைத் தனியாகக் கூட்டிப்போய் ஏதோ கேட்டுவிட்டு வந்து, "கொள்ளாம், பையன் சத்தமாப் பேசுறான். எனக்கே கேக்குது," என்று சம்மதம் சொன்னான். தேதி குறித்தோம். பத்திரிகை அச்சுக்குப் போனது. எங்கள் வழக்கப்படி முதல் பத்திரிகை குலசாமிக்கு. அடுத்தது தாய்மாமனுக்கு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு நேரில் போய் வைக்க வேண்டும். மணப்பெண் கழுத்தில் முதல் மாலை தாய்மாமன் கையால் விழ வேண்டும். அதற்குப் பிறகுதான் அவள் மணையில் உட்காருவாள். பத்திரிகை வரட்டும், கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாம் என்று நான் இருந்தேன். இடையில் தம்பியிடமிருந்து பச்சைப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கடையில் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகை வந்தது. சாமிக்கு வைத்தோம். அதற்கு மறுநாள் என் வீட்டுக்காரர் கம்பத்துக்குப் போய்விட்டு வந்தார்.

"நம்ம லோடு வண்டி டிரைவரைப் பாத்தேன்," என்றார்.

"சரி."

"கட்டப்பனைல இருந்து இறங்கி வர்றான்."

"சரி, அதுக்கென்ன?"

செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்தார். என் பொறுமையையே சோதிக்கிற ஆள் அவர்.

"உந்தம்பி கல்யாணத்துக்கு வரலையாம்."

"என்னத்துக்காம்?"

"இந்தத் தடவ அவனுக்கு ஒண்ணும் இல்லையாமே. அடுத்த காய்ப்புல வந்துக்கிறேன்னு சொல்லிவிட்டிருக்கான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவளுக்குப் பிறகு எனக்கு வேறு பெண் இல்லை. அடுத்த காய்ப்பு என்று எதைச் சொல்கிறான்? மகள்தான் முதலில் எழுந்தாள். அவள் முகம் மாறிப் போயிருந்தது. கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, சாத்தி வைத்திருந்த ஊதாவைத் திறந்தாள். பழம் கேட்டு எழுதிய வியாபாரிகளுக்கு நடுவில் தம்பி உட்கார்ந்திருந்தான். அவள் சத்தமாக வாசித்தாள்.

"அக்கா, மருமக கல்யாணத்துக்கு நான் எப்ப வந்து இறங்கணும்? மாலை நான்தான் எடுத்துட்டு வருவேன், மண்டபத்துக்காரன்கிட்டச் சொல்லிராத. ரோசாவா சம்பங்கியான்னு அவளையே கேட்டுச் சொல்லு. இன்னொரு விசயம். அய்யர் சொல்றது எனக்குக் கேக்காது. எப்ப மாலையைப் போடணும்னு நீ கீழ இருந்து கையைக் காட்டு. வேற யார்கிட்டயும் சொல்லாத, சிரிப்பாக."

அதற்குக் கீழே எங்கள் பதில். மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தங்களுக்குத் தருவதற்கு எங்களிடம் எதுவும் இல்லை.

அடுத்த மெயில் சின்னது. "அக்கா, நீ எழுதுனதைப் பாத்தேன். கோவமா? நான் என்ன செஞ்சேன்?" அதற்கும் அதே நன்றி, அதே வணக்கம்.

கடைசியாக ஒன்று. அதில் அக்கா இல்லை. "மதிப்பிற்குரிய திராட்சைத் தோட்டத்தாருக்கு. நான் கேட்டது பழம் இல்லை. இருந்தாலும் விவரம் தெரிந்துகொண்டேன். வணக்கம்."

அதற்கும் எங்கள் கம்ப்யூட்டர், அடுத்த காய்ப்பில் தங்களை நினைவில் கொள்வோம் என்று சளைக்காமல் சொல்லியிருந்தது.

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாமா கையால மாலை விழாம நான் மணையில உக்கார மாட்டேம்மா."

"யாரு உக்காரச் சொன்னா?"

"பச்சையில இருந்து இப்பவே ஒரு மெயில் போடுறேன்."

"போடாத. அதையும் இந்த வணக்கக்காரன்தான் எழுதுறான்னு நெனப்பான்."

போன் போட்டால் அவனுக்குக் கேட்காது. ஆகவே நானும் என் வீட்டுக்காரரும் மறுநாள் விடியலிலேயே கிளம்பினோம். தாம்பாளம், வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. கம்பத்தில் பஸ் மாறி, கம்பம்மெட்டு வழியாக மலை ஏறினோம். ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப் ஜீப்பாக எங்களை முந்திக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வளைவிலும் மடியில் இருந்த தாம்பாளம் ஒரு பக்கம் சாய்ந்தது. அவனிடம் என்ன பேசுவது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். கேட்காத காதுக்கு என்ன பேச்சு என்று மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

தம்பி கடையில் ஆரஞ்சு அடுக்கிக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்தான். ஆரஞ்சை விடவில்லை.

"வாங்க மச்சான். உக்காருங்க," என்று அவருக்கு ஒரு ஸ்டூலைத் தள்ளினான். என் பக்கம் திரும்பினான். "என்ன வேணும்மா? மொத்தமா, சில்லறையா?"

"ஏலே, நக்கலா?"

"வாடிக்கைக்காரகளை மரியாதையாத்தான் பேசணும். எனக்கு அங்கன இருந்து அப்படித்தான் வருது."

நான் விளக்கிச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் காதிலிருந்த மிஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இனி மலையே இடிந்து விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

நான் அவன் போனைக் காட்டினேன். எழுது என்று கையால் சொன்னேன். அவன் முறைத்தான். என் வீட்டுக்காரர் போனை எடுத்து அவன் கையில் வைத்து, "எழுதுப்பா" என்று தானும் கை காட்டினார். தம்பி ஒரு விரலால் எழுதினான். வாசித்துக்கொண்டே எழுதுவது அவன் பழக்கம், அதனால் எங்களுக்கும் கேட்டது.

"கூடப் பொறந்தவனை வேணாம்னுட்டு இப்ப எதுக்குடி வந்த?"

அனுப்பினான். ஆரஞ்சை எடுக்கக் கை போகும் முன்னே போன் சிணுங்கியது. பார்த்தான். மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம்.

போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். என் இரண்டு கையிலும் தாம்பாளம் மட்டும்தான் இருந்தது.

மறுபடி எழுதினான். அதை இங்கே சொல்ல முடியாது. சின்ன வயதில் சண்டை போடும்போது அவன் என்னைத் திட்டுகிற வார்த்தை. அதற்கும் போன், தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி என்றது. பக்கத்துக் கடைக்காரர் வந்து தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். தம்பி இன்னொன்று எழுதினான், இன்னும் கொஞ்சம் மோசமாக. அடுத்த காய்ப்பில் தங்களை நினைவில் கொள்வோம். அவன் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று பயந்துவிட்டேன். சிரித்துக்கொண்டிருந்தான்.

மிஷினை எடுத்துக் காதில் வைத்தான். அது விசில் அடித்து ஓயட்டும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.

"அப்ப இது நீ எழுதினது இல்லையா?"

"எனக்கு இத்தன மரியாதை வருமாலே? பொறந்ததுல இருந்து உனக்கு ஒரு நன்றி சொல்லியிருக்கேனா?"

யோசித்தான். "இல்ல."

"ஒரு வணக்கம் சொல்லியிருக்கேனா?"

"இல்ல. அதான் பயந்துட்டேன். ஆண்டிபட்டிச் சம்பந்தம் வந்ததும் அக்கா பெரிய மனுசியாயிட்டாகன்னு நெனச்சேன்."

"அவ எப்பவுமே பெரிய மனுசிதான்," என்றார் என் வீட்டுக்காரர். அதில் பாராட்டு இருந்ததா என்று இன்னும் எனக்குச் சந்தேகம்.

தம்பியின் சிரிப்பு நின்றது. "செரி. அது மிஷின். என்னைய அந்தப் பக்கம் தூக்கிப் போட்டது எந்த மிஷின்?"

"நான்தான்," என்றேன். "கழிவு கேட்டு உசுரை வாங்குறேல்ல?"

"உங்கிட்டக் கேக்காம வேற யாருகிட்டக் கேக்க? இங்க வேற தோட்டத்துச் சரக்கும்தான் எடுக்குறேன். ஒரு வார்த்த பேச மாட்டேன், சொன்ன விலைக்கு எடுத்துட்டு வந்துருவேன். அக்காகிட்டன்னாதானே வம்பு பண்ண முடியும்?"

பெட்டி பெட்டியாகப் பழம் பிரித்த என் கண்ணுக்கு இது தெரியாமல் போயிற்று. தாம்பாளத்தை நீட்டினேன். அவன் துண்டில் இரண்டு கையையும் நன்றாகத் துடைத்துவிட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"ரோசாவா, சம்பங்கியா?"

"சம்பங்கியாம். ஊடால ரோசா வைக்கச் சொன்னா."

பக்கத்துக் கடைக்காரர் எங்களுக்கு மூன்று சாயா சொன்னார்.

ஊருக்கு வந்ததும் மகள் கம்ப்யூட்டரைச் சரி செய்தாள். ஆளைப் பார்த்துப் பக்கம் பிரிக்கக் கூடாது, விஷயத்தைப் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும் என்று இப்போது வைத்திருக்கிறோம். எங்கள் ஊர்ப் பக்கம் வியாபாரம் செய்கிறவன் எவன் சொந்தக்காரன் இல்லை? தம்பிக்கும் இரண்டு மெயில் வைத்துக் கொடுத்தாள். கடை மெயில் ஊதாவுக்கு வரும். அவனுடைய சொந்த மெயில் பச்சைக்கு வரும். அவனுக்கு ஒரே சந்தோஷம். பச்சையில், "அக்கா, முட்டுவலிக்குத் தைலம் கொடுத்துவிட்டிருக்கேன்" என்று எழுதிய கையோடு, ஊதாவில், "போன லோடில் இரண்டு பெட்டி நசுங்கல், கவனிக்கவும்" என்று எழுதுவான். பச்சையில் ஒருமுறை கழிவு கேட்டான். "அந்த வாசலுக்கு வா" என்று பேசி அனுப்பினேன். வந்தான்.

ஆண்டிபட்டி மண்டபத்தில் கல்யாணம். சம்பங்கி மாலையைத் தூக்கிக்கொண்டு மேடையில் மகளுக்குப் பக்கத்தில் நின்றான் தம்பி. கண் முழுக்க என் மேலேதான். நான் கீழே முதல் வரிசையில் நின்றுகொண்டேன். அய்யர் சொன்னதும் கையைக் காட்ட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் போட்டோக்காரர் ஒருவர் எனக்கு முன்னால் வந்து நின்றார். தள்ளிப் போப்பா என்று கையை வீசினேன். தம்பி அதைப் பார்த்தான். மாலை விழுந்துவிட்டது.

அய்யர் மந்திரத்தைப் பாதியில் விட்டுத் திரும்பிப் பார்த்தார். "இன்னும் நான் சொல்லலையே."

"எங்கக்கா சொல்லிட்டாக," என்றான் தம்பி, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி. மகள் மாலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம்தான் எல்லாவற்றிலும் நன்றாக வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்று எழுதியவன், இப்போது கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவனே சொல்லிச் சிரிக்கிறான். அதனால்தான் நானும் சொல்கிறேன்.

மகள் ஆண்டிபட்டிக்குப் போன பிறகு கம்ப்யூட்டரை நானே திறக்கிறேன். கணக்கு வழக்கை அவள் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறாள். வாசிப்பதும் மைக்கில் பேசுவதும் என் வேலை. கல்யாணம் முடிந்து வீட்டுக்கு வந்து முதல்முறையாக ஊதாவைத் திறந்தபோது ஒரே ஒரு மெயில் இருந்தது. கட்டப்பனைக் கடையிலிருந்து. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

"மதிப்பிற்குரிய தோட்டத்தாருக்கு. நேற்று மண்டபத்தில் பந்தியில் வைத்த திராட்சை புளிப்பு. அது உங்கள் தோட்டத்துப் பழம் இல்லை என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் கொடியில் பழம் எப்போது?"

தானாகப் போகிற அந்தப் பதிலை மகளிடம் சொல்லி ஏற்கெனவே எடுக்க வைத்திருந்தேன். அதனால் மைக் படத்தைத் தொட்டேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக, நிதானமாகச் சொன்னேன்.

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு வணக்கம். தங்கள் ஆர்வத்துக்கு மிக்க நன்றி. அடுத்த காய்ப்பில் தங்களை நினைவில் கொள்வோம்."

அனுப்பிவிட்டுப் பச்சையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம்தான். சின்ன வயதில் அவன் என்னைத் திட்டுகிற அந்த வார்த்தை வந்து விழுந்தது, பச்சைப் பக்கத்திலேயே, சரியான வாசலில்.